ஒரே ஒரு முள், அதற்கு இப்படி ஒரு வீடு! | லண்டன் மியூசியம் வ்லாக்

வணக்கம் மக்களே. முதலில் ஒரு புகார். போன வீடியோவில் வெனிஸ்காரர்களின் கதையைச் சொன்னேன், இல்லையா? 828ஆம் ஆண்டு அலெக்சாண்டிரியாவிலிருந்து புனித மாற்குவின் உடலைப் பன்றிக்கறிக்கு அடியில் மறைத்து, சுங்கக்காரர்களை ஏமாற்றிக் கப்பலில் கொண்டுவந்ததாக அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை. அவ்வளவு அருமையான கதைக்குக் கீழே வந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அண்ணா, அது உண்மையிலேயே அவர் உடம்புதானா?" எனக்கு இந்தக் கேள்வியைக் கண்டாலே எரிச்சல். அதனால் நேற்று பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கிளம்பிப் போனேன். நுழைவு இலவசம். அதைச் சொல்லாமல் நான் எந்த மியூசியம் வீடியோவையும் தொடங்க மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

மம்மிகள் பக்கம் போகவில்லை. கூட்டத்தில் முழங்கையால் இடித்துக்கொண்டு செத்தவர்களைப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அதை எத்தனை பேர் கேட்டாலும் எடுக்கப் போவதில்லை. நான் போனது நுழைவாயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் 2ஏ அறை. வாடஸ்டன் தொகுப்பு என்று பெயர். பெரும் வங்கியாளர்களான ரோத்ஷீல்ட் குடும்பத்தின் ஃபெர்டினாண்ட் 1898இல் இறந்தபோது மியூசியத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போன பொருட்கள். அறை சின்னது, பெரும்பாலானவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நல்லதுதான்.

அங்கே ஒரு பேழை இருக்கிறது. உயரம் சுமார் 30 சென்டிமீட்டர். தங்கம், எனாமல், மாணிக்கம், முத்து. அடியில் ஒரு சின்னக் கோட்டை. கோட்டைக்குள் இறந்தவர்கள் கல்லறையைத் திறந்துகொண்டு எழுகிறார்கள், நான்கு தேவதூதர்கள் எக்காளம் ஊதுகிறார்கள். மேலே வானவில்லின் மீது கிறிஸ்து, சுற்றிலும் சீடர்கள், எல்லாவற்றுக்கும் மேலே பிதா. அதாவது, உலகம் முடிகிற நாள் மொத்தமும் கைக்கடக்கமாக. இவ்வளவுக்கும் நடுவில், ஒரு பெரிய நீலக்கல்லில் குத்தி நிறுத்திய ஒரு முள். ஒரே ஒரு முள். 'இது நம் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் முடியிலிருந்து ஒரு முள்' என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. சிலுவையில் அறைவதற்கு முன் அவர் தலையில் வைத்தார்களே முள்முடி, அதிலிருந்து.

இப்போது நீங்கள் பார்க்கும் காட்சியில் முள்ளுக்கு மேல் ஒரு மஞ்சள் பூதம் தெரிகிறது அல்லவா? அது ஆவி இல்லை. என் ஜாக்கெட். கண்ணாடியில் பிரதிபலிக்கிறது. இடது பக்கம் நகர்ந்தேன், பூதமும் நகர்ந்தது. குனிந்தேன், மாணிக்கத்துக்கு மேல் என் காது. ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் வைத்தால் கை மஞ்சளாகத் தெரிகிறது. கடைசியில் அதைச் சுருட்டிப் பையில் திணித்து, கறுப்புக் குடையை விரித்து எனக்குப் பின்னால் பிடிக்கலாம் என்று நினைத்தேன். காவலர் ஒரு பார்வை பார்த்தார். குடையை மடக்கிவிட்டேன். அப்புறம் ஃபோனைக் கண்ணாடிக்கு மிக அருகில் பிடித்து, லென்ஸைச் சுற்றிக் கையைக் குவித்து எடுத்தேன். வந்தது பாருங்கள்! இதோ இந்த ஷாட். முள்ளின் நுனிவரை தெரிகிறது. இதை வீடியோவில் இரண்டு முறை போடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில் அம்மா வீடியோ காலில் வந்தார். காட்டினேன். என்ன ஏது என்று கேட்கவே இல்லை. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். வீட்டில் முருகன் படத்துக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை.

சரி, முள் எப்படி வந்தது? 1204இல் சிலுவைப்போர்க்காரர்கள் முஸ்லிம்களோடு சண்டை போடக் கிளம்பி, வழியில் கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டான்டிநோபிளையே (இன்றைய இஸ்தான்புல்) கொள்ளையடித்தார்கள். முள்முடி அப்போது இருந்தது அந்த நகரத்தில்தான். அங்கே ஒரு புது அரசையும் நிறுவினார்கள். அந்த அரசுக்குப் பிறந்த நாளிலிருந்தே கையில் காசு கிடையாது. 1238இல் அதன் பேரரசர் இரண்டாம் பால்ட்வின், முள்முடியை வெனிஸ் வணிகரிடம் 13,134 பொற்காசுக்கு அடகு வைத்த நிலையில் இருந்தார். தாலியை அடகுக் கடையில் வைத்த வீடு மாதிரி. இந்த மனிதர் பின்னாளில் தன் சொந்த மகனையே வெனிஸ்காரர்களிடம் பிணையாக வைத்தவர், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிரான்சின் ராஜா ஒன்பதாம் லூயி மீட்க முன்வந்தார். இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. புனிதப் பொருளைக் காசுக்கு வாங்கினால் பாவம். 1215இல் நடந்த லாத்தரன் சங்கமும், அதாவது திருச்சபையின் பெரிய மாநாடும், பழைய திருப்பண்டங்களை (இந்த முடி மாதிரியான புனித நினைவுப் பொருட்களை) விற்பனைக்கு வைக்கக் கூடாது என்று தடை போட்டிருந்தது. அப்படியானால் என்ன செய்வது? பால்ட்வின் முள்முடியை லூயிக்கு 'அன்பளிப்பாக' கொடுத்தார். லூயி பால்ட்வினின் கடனை 'அடைத்தார்'. விற்பனையே நடக்கவில்லை! இந்தச் சாமர்த்தியத்தை எந்த ஆடிட்டரும் மெச்சுவார்.

ராஜா அனுப்பிய இரண்டு தொமினிக்கன் துறவிகள் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போய், முடியோடு வெனிஸ் வந்தார்கள். ஒருவர் பணம் கொண்டுவரப் பிரான்சுக்குப் போனார், மற்றவர் முடிக்குக் காவலாக அங்கேயே தங்கினார். 1239 ஆகஸ்டில் அது பிரான்சுக்குள் வந்தபோது, 25 வயது லூயி செருப்பைக் கழற்றி, ராஜ உடையைக் கழற்றி, சாதாரண அங்கியோடு தன் தம்பியுடன் சேர்ந்து அதைத் தோளில் சுமந்து சான்ஸ் நகருக்குள் நடந்தார்.

இப்போது விலை. முள்முடிக்காக லூயி செலவழித்ததாகச் சொல்லப்படும் தொகை 1,35,000 லிவ்ர் (அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணம்). அதை வைக்கப் பாரிஸில் கட்டிய சேன்ட் ஷப்பேல், அந்த வண்ணக் கண்ணாடி அரண்மனை, அதற்கு ஆன செலவு 40,000 லிவ்ர். நிறுத்தி யோசியுங்கள். கோயிலைப்போல மூன்று மடங்குக்கு மேல் முடிக்கு. பொறுங்கள், இன்னும் இருக்கிறது. முடியையும் மற்ற திருப்பண்டங்களையும் வைக்கச் செய்த தங்க வெள்ளிப் பெட்டிக்கு 1,00,000 லிவ்ர். பெட்டி மட்டும் இரண்டரை கோயில்! பதினைந்து ஜன்னல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பைபிள் காட்சிகளை வரைந்து, 1248இல் அபிஷேகம் செய்த அந்தக் கட்டடம்தான் கணக்கில் மலிவான ஐட்டம். நான் இந்த எண்களைப் பேப்பரில் எழுதி சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதனால்தான் 'உண்மையா பொய்யா' கேள்வி எனக்குச் சப்பென்று இருக்கிறது. ஒரு ராஜா தன் கஜானாவைத் திறந்து எதை வாங்கினார் என்று கேளுங்கள். கிறிஸ்துவின் முள்முடி இனி பாரிஸில், பிரெஞ்சு ராஜாவின் வீட்டோடு சேர்ந்த கோயிலில். அதற்கு மேல் எந்த ராஜாவால் என்ன காட்ட முடியும்?

ஒன்றை விட்டுவிட்டேன். ஒரு முள் மட்டும் எப்படித் தனியாக வந்தது? லூயியும் அவருக்குப் பின் வந்த ராஜாக்களும் முடியிலிருந்து முட்களைப் பிய்த்து, வேண்டியவர்களுக்குப் பரிசாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இன்று அந்த முடியில் முள்ளே இல்லை, நாணல் வளையம் மட்டும்தான். ஐரோப்பா முழுக்க இருக்கும் முட்களை எண்ணினால் ஒரு முடிக்கு அவ்வளவு தாங்காது. அதற்கும் காரணம் உண்டு: மூல முள்ளோடு தொட்டு எடுத்த முள்ளும் புனிதமாகிவிடும். பேழையில் இருக்கும் சின்னம் லூயியின் வழிவந்த பெர்ரி கோமகன் ஷானுடையது. 1400ஐ ஒட்டிய காலம்.

இந்தப் பேழை பின்னர் வியன்னாவில் ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் கருவூலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1860க்குப் பிறகு அதைப் பழுதுபார்க்க சாலமன் வைனிங்கர் என்பவரிடம் கொடுத்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? நகல் ஒன்று செய்து, நகலைக் கருவூலத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அசலை வைத்துக்கொண்டார்! அசல் ரோத்ஷீல்ட் குடும்பத்துக்குப் போய், அப்படியே லண்டனுக்கு வந்தது. வியன்னாக்காரர்கள் 1920கள் வரை தங்களிடம் இருப்பதுதான் அசல் என்றே வைத்திருந்தார்கள். வைனிங்கர் வேறொரு மோசடி வழக்கில் சிறைக்குப் போய், 1879இல் அங்கேயே இறந்தார். எனக்கு மோசடிக்காரர்களைப் பிடிக்காது, ஆனால் இந்த ஆளின் கைத்திறனை நினைத்தால் வயிறு எரிகிறது. மாணிக்கம், எனாமல், அத்தனை பொம்மைகள், எல்லாவற்றையும் அரண்மனைக்காரர்களே நம்பும்படி செய்திருக்கிறார்!

முள்முடியின் கதையைப் பாதியில் விட்டேன். பிரெஞ்சுப் புரட்சியில் அந்த 1,00,000 லிவ்ர் பெட்டியை உருக்கிவிட்டார்கள். முடி தப்பித்தது, 1806இல் நோத்ர தாம் தேவாலயத்துக்குப் போனது. 2019 ஏப்ரல் 15 தீவிபத்தில் தீயணைப்புப் படையினர் உயிரைப் பணயம் வைத்து அதை வெளியே கொண்டுவந்தார்கள். பாதுகாப்புப் பெட்டகத்தின் சாவியும் ரகசியக் குறியீடும் யாரிடம் இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. மேலே கூரை எரிகிறது, கீழே சாவி யாரிடம் என்று விசாரணை. தேவாலயம் திறந்த பிறகு, 2024 டிசம்பர் 13 அன்று முடி மறுபடி அங்கே வந்தது.

அடுத்து பாரிஸ்தான். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை முடியை மக்கள் வணக்கத்துக்கு வைக்கும் வழக்கம் உண்டு, அதை வைத்தே தேதி பார்க்கப் போகிறேன். யாராவது போயிருந்தால் வரிசை எவ்வளவு நீளம், வாசலில் எத்தனை மணிக்கு நின்றால் நல்லது என்று கமெண்டில் எழுதுங்கள். அம்மாவும் வருகிறேன் என்கிறார். மஞ்சள் ஜாக்கெட் வராது.