எட்டாம் நாள் யார் போவது?

இயேசுவுக்குப் புகழ்! பங்கு மக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வருகிறது. கீழ்ப்பாக்கத்திலும் காசிமேட்டிலும் நம்மவர்களின் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுவோம். அதற்குள், இந்த வருடம் நம் அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த நம் சிறு குழுவில், யார் யார் வீட்டில் துக்கம் நடந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

முதல் நாள் நாம் குறை வைப்பதில்லை. ஐஸ் பெட்டி வந்துவிடும், ஷாமியானா வந்துவிடும், செபமாலை சொல்ல ஆட்கள் வந்துவிடுவார்கள். ஏழாம் நாள் பூசை வரை வீடு நிறைய சனம். எட்டாம் நாள் காலையில் அந்த வீட்டு வாசலில் ஒரு செருப்புகூட இருக்காது.

என் அப்பா இறந்தபோது பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் தினமும் நாலு மணிக்கு வருவார். அவருக்குப் பாட வராது, சத்தமாகச் செபிக்கவும் கூச்சம். அம்மாவோடு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவார், அவ்வளவுதான். அந்த முறத்துக்கு முன்னால்தான் அம்மா முதன்முறையாக வாய்விட்டு அழுதார். இன்னொரு பெரியவர் என்னை வண்டியில் உட்காரவைத்து மாநகராட்சி அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பதே எனக்கு அப்போது தெரியாது. படிவத்தில் அப்பாவின் பிறந்த தேதியை எழுதும் இடத்தில் எனக்கு நினைவே வரவில்லை. பேனாவை வாங்கி அவரே எழுதினார். அப்புறம் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாசில்தார் அலுவலகம், பேங்க், அம்மாவின் பென்ஷன் என்று எல்லாவற்றுக்கும் கூடவே நின்றார்.

தூய ஆவியார் தரும் கொடை என்றதும் பாடற்குழுவும் பிரசங்கமும்தான் நமக்கு ஞாபகம் வருகின்றன. புனித பவுல் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 12ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இறைவாக்கு, கற்பித்தல் இருக்கிற அதே வரிசையில் தொண்டையும் இரக்கத்தையும் வைக்கிறார். சில வசனங்கள் தள்ளி, அதே அதிகாரத்தில்தான் அழுவாரோடு அழச் சொல்கிறார். நான் பல வருடம் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் படித்தேன்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளையை இழந்த தாயிடம் போய், “எல்லாம் ஆண்டவர் சித்தம்” என்று உடனே சொல்லாதீர்கள். இலாசரை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அவர் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதாரே!

சரி, அன்பியப் பொறுப்பாளர் கையில் ஒரு நோட்டு இருக்கிறது. உங்கள் பெயரையும் உங்களால் முடிந்ததையும் எழுதுங்கள். பிள்ளைகளை ஸ்கூலில் விடுவேன், ரேஷன் வாங்கித் தருவேன், ராத்திரி துணைக்குப் படுத்துக்கொள்வேன், எதுவானாலும் சரி. முதல் வரியில் நான் எழுதியிருக்கிறேன்: செவ்வாய், வியாழன், சாயங்காலம் நாலு மணி. வந்து உட்காருவேன்.