ஓவியத்தின் பின்பக்கம்: லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலை எழுதியவர்

வணக்கம். இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு நற்செய்திகளையும் லத்தீனில் கையால் எழுதி ஓவியம் தீட்டிய லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அதன் வண்ணப் பக்கங்களைத்தான் காட்டுவார்கள். நான் வண்ணமே இல்லாத ஒரு பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். இப்போது திரையில் தெரிவது 94-ஆம் ஏட்டின் முன்பக்கம். இதன் மறுபக்கத்தில், மாற்கு நற்செய்திக்கு முன்னால் வருகிற கம்பளப் பக்கம் இருக்கிறது. பின்னலும் வளைவுமாக, ஒரு விரற்கடை இடம்கூட விடாமல் நிரப்பப்பட்ட ஓவியம் அது. இந்தப் பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லை. ஆனால் உற்றுப் பார்த்தால் ஊசித் துளைகளும், கவராயத்தின் முனை பதிந்த குழிகளும், கட்டம் கட்டமாக இழுத்த கோடுகளும் தெரியும். அந்த ஓவியம் எப்படித் திட்டமிடப்பட்டது என்பதற்கான முழுக் கணக்கும் இங்கேதான் இருக்கிறது.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில், கடல் வற்றும்போது மட்டும் நடந்து போகக்கூடிய லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடத்தில், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நூல் உருவானது. எழுதியவரும் தீட்டியவரும் ஈட்ஃப்ரித் என்ற ஒரே ஆள் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அவர் 698 முதல் 721 வரை அங்கே ஆயராக இருந்தவர். அயர்லாந்துக்குப் புகழ் சேர்த்த, இதே போன்ற ஓவிய நற்செய்தி நூலான கெல்ஸ் நூலில் பலருடைய கை தெரிகிறது. இங்கே தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே கை. சில அலங்காரங்கள் முடிக்கப்படாமல் நிற்பதற்கு, அந்தக் கை இடையில் ஓய்ந்ததே காரணமாக இருக்கலாம் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பொருள்களைப் பார்ப்போம். 250-க்கும் மேற்பட்ட ஏடுகளுக்கு 150 கன்றுகளின் தோல் வரை தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரை நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைவடிவக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி மெல்லியதாக்க வேண்டும். எழுதுவதற்கு வாத்து அல்லது அன்னத்தின் இறகு. மையோ மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்து கறுப்பது. சிவப்புக்கு ஈயச் செந்தூரம், மஞ்சளுக்கு அரிதாரம், பச்சைக்குச் செம்புக் களிம்பு. நீலத்தைத்தான், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த விலையுயர்ந்த கல்லை அரைத்த பொடி என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஏட்டைத் தொடாமல் லேசர் ஒளியைப் பாய்ச்சிச் செய்த ராமன் நிறமாலை ஆய்வு, அது செடியிலிருந்து எடுத்த அவுரிச் சாயமே என்று காட்டியது. நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறல், சுமார் ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழைய ஒரு துறவியின் மைக்கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்திருக்கிறது!

அடுத்து, லூக்கா நற்செய்தியின் முதல் பக்கம். எழுத்துகளைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சிவந்திருப்பது நிழலன்று, எல்லாம் புள்ளிகள். இந்த ஒரு பக்கத்தில் மட்டும் சுமார் 10,600 புள்ளிகள் எண்ணப்பட்டிருக்கின்றன. ஓரத்துச் சட்டத்தின் கீழ்மூலையில் ஒரு பூனைத் தலை தெரிகிறதா? அதன் நீண்ட உடலுக்குள் அது விழுங்கிய பறவைகள் வரிசையாக இருக்கின்றன. திருமறையின் பக்கத்தில் இப்படியொரு குறும்பு செய்தவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஈட்ஃப்ரித் தம் பெயரை எங்கும் எழுதவில்லை. வைகிங்குகள் என்ற வடநாட்டுக் கடற்கொள்ளையர்கள் 793-இல் தீவைத் தாக்கினார்கள். 875-இல் துறவிகள், முன்பு அங்கே ஆயராக இருந்த புனித கத்பெர்ட்டின் உடலைச் சுமந்துகொண்டு வெளியேறினார்கள். அவர்களுடைய சமூகம் வடகிழக்கு இங்கிலாந்தின் செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட் என்ற ஊரில் தங்கியிருந்தபோது, 10-ஆம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற குரு, லத்தீன் வரிகளுக்கு இடையே பொடி எழுத்தில் பழைய ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதினார். இன்று கிடைப்பவற்றில் நற்செய்திகளின் மிகப் பழைய ஆங்கில வடிவம் அதுவே. அழகான பக்கத்தைக் கெடுத்துவிட்டார் என்று அவரைக் குறைசொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நூலின் கடைசியில் நான்கு பெயர்களைப் பதிவுசெய்தவரும் அவர்தான்: எழுதியவர் ஈட்ஃப்ரித், ஏடுகளைச் சேர்த்து நூலாகக் கட்டியவர் எதில்வால்ட், மேலட்டையைப் பொன்னாலும் மணிகளாலும் அணிசெய்தவர் பில்ஃப்ரித், நான்காவதாகத் தாமே. பில்ஃப்ரித்தின் அட்டை எப்போதோ தொலைந்துபோனது. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் நூலைக் காக்கிற அட்டை 1853-இல் செய்யப்பட்டது.