குளச்சலைச் சொல்லிக்கொண்டு நெதர்லாந்து போனால்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். வெளிநாடு போய் வந்தவன் பேசப் போகிறான் என்றதும் விசா எப்படி எடுப்பது, சோறு எங்கே கிடைக்கும் என்று சொல்வேன் என நினைத்திருப்பீர்கள். அதையெல்லாம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளே போனைத் தட்டிச் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு நாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், விமானம் ஏறுவதற்கு முன்னால் அந்த நாடு நம் குமரி மாவட்டத்தில் எங்கே கிடக்கிறது என்று தேடுங்கள். போர்ச்சுகல் போகிறவர், அந்த நாட்டு ராஜா அனுப்பிய சவேரியார் வந்துபோன கோட்டாற்றில் தேடலாம். ஜெர்மனி போகிறவர் மயிலாடிக்குப் போகலாம், 1806ல் அங்கே வந்து தங்கிய மிஷனரி ரிங்கல்தௌபே, பழைய ஜெர்மன் ராஜ்யமான பிரஷ்யாக்காரர். நமக்கு இந்த வசதி தாராளமாக இருக்கிறது, உலகமே நம் கடற்கரையில் வந்து இறங்கிய ஊர் இது.

எனக்கு நெதர்லாந்து. என் மகள் அங்கே ஐந்தோவன் நகரத்தில் வேலை பார்க்கிறாள், ஆனால் நான் புறப்பட்டது புலியூர்க்குறிச்சியிலிருந்து என்றுதான் சொல்வேன். உதயகிரிக் கோட்டைக்குள் மான் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருப்பீர்கள். மானைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். அங்கேயே கூரை இல்லாத ஒரு சிற்றாலயம் இருக்கிறது, அதற்குள் டிலனாயின் கல்லறை. கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. லத்தீன் வாசகம் 'வழிப்போக்கனே நில்' என்றுதான் ஆரம்பிக்கிறது, நாம்தான் நிற்பதில்லை. 1741ல் நெதர்லாந்துக்காரர்களின் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் குளச்சல் சண்டைக்கு வந்து, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டவர், அதே ராஜாவுக்குப் படை பழக்கி, கோட்டை கட்டி, ஏறக்குறைய 37 வருடம் திருவிதாங்கூருக்கே உழைத்து 1777ல் இங்கேயே செத்துப்போனார். இதில் இன்னொரு சங்கதி, அவர் பிறந்த அராஸ் இன்றைக்குப் பிரான்சில் இருக்கிறது. அந்தக் கம்பெனி ஐரோப்பா முழுக்க ஆள் பிடித்துக் கப்பலேற்றியது, நம் ஊர்ப் பையன்கள் யார் யாருடைய கப்பலிலோ வேலைக்குப் போகிற மாதிரிதான்.

ஆக, குளச்சல் என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு நெதர்லாந்தில் இறங்கினேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை! எங்கள் ஊரில் உங்கள் தோல்விக்கு வெற்றித்தூணே நிற்கிறது, மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று துப்பாக்கிப் படை மாதிரி காட்டி உங்களை மிரட்டிய கதையை இன்றும் சொல்கிறோம் என்றால் சிரிக்கிறார்கள், நல்ல மனிதர்கள், காப்பி வாங்கித் தருகிறார்கள். கோபப்பட ஒன்றுமில்லை. 1602ல் தொடங்கி 1799ல் மூடிய கம்பெனி அது. தென்னாப்பிரிக்கா முதல் ஜப்பான் வரை கடை போட்டவர்களுக்குக் குளச்சல் கணக்குப் புத்தகத்தில் ஒரு நஷ்டம். ஆனால் இப்படிக் கேட்டுக்கொண்டே போனதால்தான் சுற்றுலா பஸ் போகாத இடத்துக்கெல்லாம் என்னை அனுப்பினார்கள். அப்படித்தான் ஹோர்ன் போய்ச் சேர்ந்தேன்.

ஹோர்ன் ஒரு பழைய துறைமுகம். முன்னே கடலாக இருந்த இடம், 1932ல் பெரிய அணை போட்டு அடைத்துவிட்டதால் இப்போது ஏரி. ஊர் நடுவில் ஒரு சதுக்கம், அதில் யான் பீட்டர்ஸோன் கூன் என்ற கம்பெனி கவர்னரின் சிலை, 1893ல் வைத்தது. இந்தக் கூன் 1621ல் இந்தோனேசியாவிலுள்ள பாண்டா தீவுகளில் செய்ததைச் சொன்னால் இன்றைக்கு நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். சாதிக்காய் வியாபாரம் முழுக்கத் தன் கைக்கு வரவேண்டும் என்பதற்காக அந்தத் தீவு ஜனங்களில் பெரும்பாலோரைக் கொன்றும் பட்டினி போட்டும் அழித்தார், மிச்சம் பேரில் பலரை அடிமைகளாகக் கப்பலேற்றினார். அவருக்குத்தான் சிலை. சரி, 2011ல் ஒரு கிரேன் முட்டி அந்தச் சிலை கீழே விழுந்துவிட்டது. வேண்டுமென்று இல்லை, விபத்து! ஆனால் விழுந்ததைத் திரும்ப நிறுத்துவதா வேண்டாமா என்று ஊரே இரண்டுபட்டது. உள்ளூர் அருங்காட்சியகம் கூனைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது போல ஒரு கண்காட்சி நடத்தியது. கடைசியில் சிலையைத் திரும்ப நிறுத்தினார்கள், கூடவே அவர் செய்ததையும் சொல்லும் புதுப் பலகை வைத்தார்கள். பக்கத்துப் பெஞ்சில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "என் மகன் எடுக்கணும் என்கிறான், என் வீட்டுக்காரி இருக்கட்டும் என்கிறாள். நான் சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சை எடுப்பதே இல்லை" என்றார். ஒரு நாட்டைப் பற்றி இதைவிட என்ன தெரிய வேண்டும்? அந்த ஊர்க்காரர்கள் எதற்காகத் தங்களுக்குள் சண்டை போடுகிறார்கள் என்று விசாரியுங்கள். சுற்றுலாப் பிரசுரத்தில் அச்சடித்திருப்பது அவர்கள் சம்மதித்து முடித்த விஷயம்.

சாதிக்காய் என்றேன் அல்லவா, அதை விட்டுவிட முடியாது. மகளின் பக்கத்து வீட்டு அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். மாலை ஆறு மணிக்கே ராத்திரிச் சாப்பாடு, அதுவும் ஒரு பண்பாடுதான். அவித்த காலிபிளவர், அதன் மேல் ஒரு சின்ன துருவியில் சாதிக்காயைத் தேய்த்துத் தூவினார். எங்கள் வீட்டில் அது கைக்குழந்தைக்கு உரசிக் கொடுக்கிற மருந்து, இங்கே காய்கறிக்குப் பொடி! இது எங்கள் தோட்டத்தில் தென்னைக்கு ஊடே காய்க்கிறது என்றேன். நம்பவில்லை. போனில் படம் காட்டினேன்: மஞ்சளாக வெடித்த காய், உள்ளே கறுப்புக் கொட்டை, அதைச் சுற்றிச் சிவப்பு வலை போலச் சாதிபத்திரி. அந்த அம்மா ஆயுசு முழுக்கத் துருவியது உள்ளே இருக்கிற பருப்பை மட்டும்தான், பழத்தைப் பார்த்ததே இல்லை. தொலியை ஊறுகாய் போடுவோம் என்றதும் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டார். அங்கே டிசம்பரில் சாப்பிடுகிற பிஸ்கட்டில் கிராம்பும் பட்டையும் மணக்கும், கிராம்பு மணத்துக்கு மாறாமலை என்று ஒரு ஊர் இருக்கிறது என்று அதையும் சொல்லிவிட்டு வந்தேன். அரசாங்கம் கட்டிய அருங்காட்சியகத்தைவிட அந்தக் காலிபிளவர் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. திரும்பவும் சொல்கிறேன், கையில் நம் ஊர்ப் பொருள் ஒன்று இருந்தால் பேச்சு தானாக வரும்.

வானொலி நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். கம்பெனியின் தாள்கள் மட்டும் 1,200 மீட்டர் அலமாரி, யுனெஸ்கோ 2003ல் அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது, ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், கொச்சியிலிருந்த டச்சுக்காரர்களின் ஏடுகள் சென்னை எழும்பூரிலேயே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஆவ்வர்கெர்க் என்று அங்கே ஒரு ஊர். சுனாமியைப் பார்த்த நம் கடற்கரை ஜனங்கள் கட்டாயம் போகவேண்டிய இடம். 1953 பிப்ரவரியில் ஒரே ராத்திரியில் கடல் கரையை உடைத்து உள்ளே வந்து 1,836 பேர் செத்துப்போனார்கள். கடைசி உடைப்பை அடைக்க நான்கு பெரிய கான்கிரீட் பெட்டிகளை இறக்கினார்கள், அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே இன்றைக்கு அருங்காட்சியகம். அதற்குப் பிறகு டெல்டா திட்டம் என்று பல பத்தாண்டுகள் அணை கட்டினார்கள். அங்கே தண்ணீரைப் பார்த்துக்கொள்ளவே தனியாகத் தேர்தல் வைத்து ஆள் எடுக்கிறார்கள். அதை எப்படி நடத்துகிறார்கள் என்று... சரி, மணியடித்துவிட்டார்கள். இன்னொரு நாள் கூப்பிட்டால் அங்கிருந்து தொடங்குகிறேன். வணக்கம்.