குடும்பப்பெயரும் கோயிற்பதிவேடும்: செர்பிய மூதாதையரைத் தேடுதல்

நேயர்களுக்கு வணக்கம். செர்பிய வம்சாவளியைத் தேடப் புறப்படுவோர் பெரும்பாலும் குடும்பப்பெயரையே முதலில் பற்றிக்கொள்கிறார்கள். பெத்ரோவிச் என்றால் பெத்தரின் வழிவந்தவர். அந்தப் பெத்தரைக் கண்டுவிட்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை செர்பியக் கிராமங்களில் இப்பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறக்கூடியதாகவே இருந்தது. பெத்தரின் மகன் யோவான் பெத்ரோவிச் என்றால், யோவானின் மகன் நிக்கோலா யோவானொவிச் ஆகிவிடுவார். மூதாதையர் பெயரை நிலையாக வைத்துக்கொள்ளுமாறு 1851இல் அரசு ஆணையிட்ட பிறகே குடும்பப்பெயர்கள் படிப்படியாக நிலைபெற்றன.

அரச குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். இளவரசர் மிலோஷ் ஒப்ரெனோவிச்சின் தந்தை ஒப்ரென் அல்லர், தெயோதொர். ஒப்ரென் என்பவர் மிலோஷுடைய தாயாரின் முதற்கணவர். அந்த மணத்தில் பிறந்த அண்ணன் மிலானின் குடும்பப்பெயரையே மிலோஷ் தமதாக்கிக்கொண்டார். நாட்டை ஆண்ட வம்சத்தின் பெயரே இரத்த உறவில்லாத ஒருவரிடமிருந்து வந்திருக்கும்போது, பெயரை மட்டும் நம்பிக் கொடிவழி வரைவது எப்படிச் சரியாகும்?

பெயரைவிட உறுதியான துணை, ஸ்லாவா எனப்படும், குடும்பத்தின் பாதுகாவலரான புனிதரின் திருநாள். இது தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. 2014இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பெற்றது. ஒரே பெயர் கொண்ட இரு வீட்டாரில் ஒருவர் டிசம்பர் 19இல் புனித நிக்கொலாசையும், மற்றவர் மே 6இல் புனித ஜார்ஜையும் கொண்டாடினால், அவர்கள் ஒரே வழியினராக இருப்பது அரிது. மனைவி வீட்டோடு குடியேறிய மருமகன் அவ்வீட்டின் ஸ்லாவாவை ஏற்பதுண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது கோயிற்பதிவேடு, அதாவது கிறித்தவத் தேவாலயத்தின் பதிவேடு. அன்று ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியிலிருந்த, இன்றைய செர்பியாவின் வடபகுதியான வோய்வோதினாவில் பதினெட்டாம் நூற்றாண்டு ஏடுகள்கூடக் கிடைக்கின்றன. தெற்கே செர்பியச் சிற்றரசில் 1830களிலிருந்துதான் அவை ஒழுங்காகத் தொடங்குகின்றன. திருமுழுக்குப் பதிவில் குழந்தை, பெற்றோர், குருவானவர் ஆகியோரோடு ‘கூம்’ எனப்படும் ஞானத்தந்தையின் பெயரும் இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ ஏட்டிலேயே மிக மதிப்புள்ள இடம் அதுதான். ஒரு வீட்டுக்கு ஞானப்பெற்றோராக நிற்கும் உரிமை இன்னொரு வீட்டில் தலைமுறைகளாகத் தொடர்வது வழக்கமாதலால், குடும்பப்பெயர் மாறிய இடத்திலும் இவ்விரு வீடுகளின் உறவு வழிகாட்டும்.

1946க்குப் பின் பதிவுப் பணி அரசிடம் சென்றதால், பழைய ஏடுகள் பல இன்று நகராட்சி அலுவலகங்களிலும் ஆவணக்காப்பகங்களிலும் உள்ளன. அவற்றிலுள்ள தேதிகள் ஜூலியன் நாட்காட்டியின்படி எழுதப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவானால் 12 நாட்களைக் கூட்டியே இன்றைய தேதியைக் கணக்கிட வேண்டும்.