ஒரு சிற்றூர் எங்கே இருக்கிறது, அதில் எத்தனை பேர் வாழ்கிறார்கள்?

[திரையில்: கிளாம்பாக்கம் பேருந்து நிலையம், பொங்கல் கூட்டம்]

குரல்: சென்னையில் வாழும் பலருக்குச் சொந்த ஊர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரை மக்கள்தொகைப் பட்டியலில் தேடினால் பல நேரங்களில் கிடைப்பதில்லை. பட்டியலில் இருப்பவை வருவாய்க் கிராமங்கள், அதாவது நிலப் பதிவுக்காக அரசு எல்லை வகுத்த கிராமங்கள். நாம் ஊர் என்று சொல்வதோ, ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் அடங்கிய குக்கிராமமாக இருக்கலாம்.

[திரையில்: கிராம வரைபடம், எல்லைக் கற்கள்]

சோழர் காலக் கல்வெட்டுகள் நிலத்தின் இருப்பிடத்தைக் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என நான்கு திசை எல்லைகளால் வரையறுத்தன. 1802-இல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே நிலத்தில் ஓர் அடிக்கோட்டை, அதாவது அளவைக்கு அடிப்படையான நேர்கோட்டை, அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியாவை அளந்துகொண்டு போனார். நிலப்படங்களில் ஊர்களைத் துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகையோடு குறிப்பதற்கு அடித்தளம் இந்த அளவைப் பணியே. இன்று ஒரு கிராமத்தைச் சரியாக அடையாளம் காண மாவட்டம், வட்டம், வட்டத்தின் உட்பிரிவான குறுவட்டம் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதூர், நல்லூர் என்ற பெயர்களில் ஊர்கள் பல உள்ளன. மாவட்டப் பெயரிலும் கவனம் தேவை. 2011-இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்களே இருந்தன, இப்போது 38 உள்ளன. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தின் கீழ் எண்ணப்பட்ட பல கிராமங்கள் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கின்றன.

[திரையில்: வீடு வீடாகச் செல்லும் கணக்கெடுப்பாளர்]

இனி மக்கள்தொகை. கணக்கெடுப்பில் குடும்பம் என்பதற்கு அடையாளம் பொதுச் சமையல்: ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் தனித்தனியே உலை வைத்தால், அவை இரண்டு குடும்பங்கள். 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்த எண்ணிக்கையில், வேலைக்காக அந்த நாள்கள் முழுவதும் சென்னையில் தங்கியிருந்தவர் சென்னையிலேயே எண்ணப்பட்டார், ஊரில் அவருக்கு வீடும் குடும்ப அட்டையும் இருந்தாலும் கூட. அதனால், வெளியூர் வேலையை நம்பியிருக்கும் ஒரு கிராமத்தின் எண், திருவிழா நாளில் அங்கே கூடும் கூட்டத்தைவிட மிகக் குறைவாக இருப்பது இயல்பே.

தமிழ்நாட்டில் அப்போது ஏறத்தாழ 16,000 கிராமங்கள் கணக்கில் இருந்தன, ஊரகப் பகுதிகளில் 3.72 கோடிப் பேர் வாழ்ந்தனர். அந்தக் கிராமங்களில் சிலவற்றில் ஒருவர்கூடக் குடியில்லை. நிலமும் எல்லையும் பதிவேட்டில் இருக்கும், உழுபவர்கள் பக்கத்து ஊரில் இருப்பார்கள்.

என்னை உறுத்துவது இதற்கு நேர்மாறான நிலை. ஊரிலிருந்து விலகி, தனிக் குடியிருப்பாக இருக்கும் ஒரு காலனியில் நூறு குடும்பங்கள் வாழ்ந்தாலும், வெளியிடப்படும் கிராமப் பட்டியலில் அதற்கென்று தனி எண் இல்லை. கிராமத்தில் பள்ளி உண்டு என்று ஏட்டில் இருக்கும். அந்தப் பள்ளி காலனியிலிருந்து எவ்வளவு தூரம் என்பது அந்த வரியில் தெரியாது.

[திரையில்: மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டின் ஒரு பக்கம்]

உங்கள் ஊரைத் தேடுபவர்கள், கிராமவாரியாக எண்களைத் தரும் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டைப் பாருங்கள். முதலில் ஊர் எந்த வருவாய்க் கிராமத்தைச் சேர்ந்தது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிந்து, அதற்குரிய ஆறு இலக்கக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது; அதன் எண்கள் வெளிவரும்வரை, கிராமத்தின் மக்கள்தொகையை எங்கே எழுதினாலும் பக்கத்தில் 2011 என்று ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.