அரை மணித்தியாலம்

வணக்கம் தம்பிமார், தங்கச்சிமார்.

விடை தெரிந்தும் நான் மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்த கதையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

கோண்டாவிலில் வீட்டு மேசையில் இருந்துகொண்டு ஒரு வெளிநாட்டு அணியோடு வேலை செய்துகொண்டிருந்த காலம். கப்பல் கம்பனி ஒன்றின் பழைய பதிவுகளைப் புது மென்பொருளுக்கு மாற்றினோம். கொழும்புக்குக் காலை 10 மணிக்கு வந்த கப்பல் திரையில் 9.30 என்று காட்டுகிறது. எல்லாப் பதிவிலும் இல்லை, 2006 ஏப்ரல் நடுப்பகுதிக்கு முந்தியவற்றில் மட்டும். மாற்றும்போது தரவு கெட்டுவிட்டது, திரும்ப ஏற்றுவோம் என்று இணையவழிக் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். அந்தத் திகதியைக் கண்ட உடனேயே எனக்கு விசயம் விளங்கிவிட்டது. மைக் பொத்தானில் விரலும் வைத்துவிட்டேன். ஆனால் லண்டனில், சான் பிரான்சிஸ்கோவில் எல்லாம் வேலை செய்த ஆட்கள் கூடியிருக்கிற இடத்தில் நான் என்ன சொல்ல, பிழைத்துப்போனால், நடுவில் ஆங்கிலம் தடக்கினால், இவன் எப்படி இங்கே வந்தான் என்று யோசிப்பார்களே என்று விரலை எடுத்துவிட்டேன்.

எனக்கு எப்படி விளங்கியது என்று கேட்பீர்கள். கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருந்த தன் நேரத்தை இலங்கை 1996 மே மாதம் ஆறரையாக்கியது, ஒக்டோபரில் அதை ஆறாக்கியது, 2006 ஏப்ரல் 15 அன்றுதான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை, அங்கே கடைசிவரை ஐந்தரைதான். 2003இல் அம்மா என்னைக் கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் கூட்டிவரும்போது, இரண்டு பகுதிக்கும் நடுவில் இருந்த முகமாலைச் சோதனைச்சாவடி தாண்டியதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி, திருகை இழுத்து, முள்ளை அரை மணித்தியாலம் முன்னுக்கு வைப்பார். திரும்பிப் போகும்போது பின்னுக்கு. நான் மடியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் மென்பொருளோ கிரீன்விச் நேரத்தில் இருந்த பதிவுகளுக்கு எல்லா வருசத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது. ‘ஏசியா/கொழும்பு’ என்ற நேரவலயப் பெயரைக் கொடுத்திருந்தால் கணினி அந்தந்தக் காலத்துக்குரிய கணக்கைத் தானே எடுத்திருக்கும்.

மூன்றாம் நாள் இரவு நாலு வரி எழுதி அனுப்பினேன். அடுத்த நாள் காலை சரிவந்துவிட்டது. அணித்தலைவர் கேட்டது ஒன்றே ஒன்று: “இதை ஏன் திங்கட்கிழமையே சொல்லவில்லை?” நான் அதுவரை என் மௌனத்தை அடக்கம் என்று நினைத்திருந்தேன். இரண்டு பேர் மூன்று நாள் வீணாகத் தரவை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள், அதில் அடக்கம் எங்கே இருக்கிறது?

தகுதி இல்லாமல் உள்ளே வந்துவிட்டோம், ஒருநாள் பிடிபடுவோம் என்ற இந்தப் பயத்துக்கு 1978இல் போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ‘இம்போஸ்டர்’ என்ற பெயரை வைத்து எழுதினார்கள். அவர்கள் பார்த்தது தோற்றவர்களை இல்லை, படிப்பிலும் தொழிலிலும் நன்றாகச் செய்த நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெண்களை. ஆக, பெரிய நகரத்திலும் இது உண்டு. ஆனால் எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக அழுத்துகிறது என்றுதான் நான் நம்புகிறேன். அங்கே பக்கத்துக் கதிரையில் இருக்கிற பதினைந்து வருச அனுபவக்காரர் ஒரு சின்னப் பிழையில் மாட்டிக்கொண்டு தலையைச் சொறிவதை நீங்கள் தினமும் காண்பீர்கள். இங்கே இருந்து பார்த்தால் அவர் மேடையில் பேசுகிற வீடியோதான் தெரியும். அவருடைய முடிந்த வேலையையும் உங்கள் பாதி வேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் சோராமல் என்ன செய்யும்?

அதனால்தான், பெரிய ஆட்களின் பாதி வேலையும் தெரிகிற ஒரு கோப்பைக் காட்ட வந்தேன். உலகத்தின் நேரவலயங்கள் எல்லாம் ‘டிஇசட்’ (tz) என்ற ஒரு தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது, பிறகு பால் எகர்ட் பராமரித்து வருகிறார். உங்கள் கைபேசி நேரம் சரியாகக் காட்டுவதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். அதில் ஆசியாவுக்குரிய கோப்பின் தலைப்பிலேயே, இந்தத் தரவை முடிந்த முடிவாக எடுக்க வேண்டாம், உங்களுக்கு இதைவிட நன்றாகத் தெரிந்தால் திருத்துங்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உலகமே நம்பியிருக்கிற கோப்பு, பிள்ளைகள்! உள்ளே இறங்கினால் ஊகங்களும் திருத்தங்களும், ஊர் ஊராக ஆட்கள் எழுதி அனுப்பிய குறிப்புகளும் அப்படியே கிடக்கின்றன. இலங்கைப் பகுதியில், புலிகள் 1996 மாற்றத்தை ஏற்காமல் ஐந்தரையிலேயே இருந்தார்கள் என்ற ரொய்ட்டர்ஸ் செய்தியும் இருக்கிறது. அம்மா திருகை இழுத்த அந்த அரை மணித்தியாலம் அங்கே கிடக்கிறதைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, தேத்தண்ணி வந்துவிட்டது. குடித்துவிட்டு ஆய்வுகூடத்துக்கு வாருங்கள், கோப்பைத் திறந்து வைக்கிறேன், இலங்கைப் பகுதியை வரி வரியாக வாசிப்போம். இன்றைக்கு இரவு வீட்டில் பெரியவர்களிடம் அந்தக் காலத்தில் கடிகாரத்தை எப்படி வைத்தீர்கள் என்று கேட்டு, கோப்பில் இல்லாதது ஏதாவது கிடைத்தால் நாளைக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்.