மெடிகேர் எடுக்கும் முன் ஆறு மாதம்

வணக்கம். போன வாரம் அண்ணன் போன் செய்தார், குரலே சரியில்லை. அவர் அமெரிக்காவில் ரொம்ப வருடமாக வேலை பார்த்தவர், வயது 67. 2025 நவம்பரில் வேலையை விட்டதும் சோஷியல் செக்யூரிட்டிக்கும் (அரசு ஓய்வூதியம்) மெடிகேருக்கும் (65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) சேர்த்தே விண்ணப்பித்தார். வந்த கடிதத்தில் மெடிகேரின் மருத்துவமனைச் செலவுப் பகுதியான பார்ட் ஏ மே மாதமே தொடங்கிவிட்டதாக இருக்கிறது. "நான் நவம்பரில்தானேம்மா கேட்டேன்?" என்கிறார்.

65 தாண்டி விண்ணப்பித்தால் பார்ட் ஏ-வை ஆறு மாதம் வரை முன்தேதியிட்டுத்தான் கொடுப்பார்கள். 65 ஆன மாதத்துக்கு முன்னால் மட்டும் போகாது. மெடிகேரில் எந்தப் பகுதி தொடங்கினாலும், அந்த மாதத்திலிருந்து ஹெச்.எஸ்.ஏ.வில் (மருத்துவச் செலவுக்காக வரியில்லாமல் சேர்க்கும் சேமிப்புக் கணக்கு) ஒரு டாலர்கூடப் போடக் கூடாது. "பார்ட் ஏ சும்மாதானே வருகிறது, வாங்கி வை" என்று நம் ஆட்களே சொல்வார்கள். ஹெச்.எஸ்.ஏ.வில் பணம் போடுகிறவர்கள் தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். 65க்கு மேல் சோஷியல் செக்யூரிட்டி வாங்கினால் பார்ட் ஏ கூடவே வந்துவிடும், அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

அண்ணன் கணக்கைப் பாருங்கள். ஹெச்.எஸ்.ஏ.வில் போடத் தனிநபருக்கு 2025 வரம்பு 4,300 டாலர், 55 வயதுக்கு மேல் கூடுதலாக 1,000. மொத்தம் 5,300ஐயும் வருட ஆரம்பத்திலேயே போட்டுவிட்டார். ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாலே மாதம்தான் தகுதி, அதாவது சுமார் 1,767 டாலர். மீதி 3,533 அதிகப்படி. அதை அப்படியே விட்டால் வருடா வருடம் 6 சதவீத வரி, 212 டாலர். வரித் தாக்கல் கெடுவுக்குள் அந்தப் பணத்தையும் அது ஈட்டிய லாபத்தையும் எடுத்துவிட்டால் இந்த 6 சதவீதம் கிடையாது. எடுக்கும் தொகைக்கு வருமான வரி மட்டும் உண்டு. அன்றைக்கே கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் போன் போட வைத்தேன்.

விண்ணப்பிக்கும் முன்பே ஆறு மாதத்தைப் பின்னோக்கி எண்ணி, ஹெச்.எஸ்.ஏ.வுக்காகச் சம்பளத்தில் பிடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். இதை ஆபீஸில் யாரும் அண்ணனுக்குச் சொல்லவில்லை, எனக்கு அதுதான் ஆறவில்லை. இன்னொன்று, 20 பேருக்குக் குறைவான கம்பெனியில் இருந்தால் 65லேயே மருத்துவச் செலவுக்கு மெடிகேர்தான் முதலில் பணம் கட்டும். அங்கே வேலை பார்ப்பவர்கள் மெடிகேரைத் தள்ளிப்போடக் கூடாது.

ஹெச்.எஸ்.ஏ.வில் ஏற்கெனவே சேர்ந்த பணம் எங்கும் போகாது. பார்ட் பி (டாக்டர் செலவு), பார்ட் டி (மருந்துச் செலவு) பிரீமியத்தை அதிலிருந்து வரியில்லாமல் கட்டலாம். மெடிகேர் கொடுக்காத மிச்சச் செலவுக்கான தனியார் காப்பீடான மெடிகேப் பிரீமியத்துக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. அண்ணிக்கு 61 வயது, மெடிகேர் இன்னும் இல்லை. ஹெச்.எஸ்.ஏ.வுக்குத் தகுதியான காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கும்வரை அவர் பெயரில் தனி ஹெச்.எஸ்.ஏ. கணக்கு திறந்து போடலாம். நாளை அதற்குத்தான் இருவரும் உட்காரப்போகிறார்கள்.